ஆட்டர்ஷா குடும்பத்தில் யாரும் ராஜினாமா செய்வதில்லை

ஆர்லிஸ் டக்கெட் லாரி ஓட்டும் லைசென்ஸை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து பூட்ஸைக் கழற்றுவதற்குள் ஆறு கம்பெனிகள் போன் செய்துவிட்டன. ஆறும் ஒரே பாட்டைத்தான் பாடின. "உங்களைத்தான் தேடிக்கிட்டு இருந்தோம்!" நாற்பத்து மூன்று வருஷத்தில் ஆர்லிஸை யாரும் தேடியது கிடையாது. ஒருமுறை மான் வேட்டைக்குப் போய்க் காட்டில் வழி தவறியபோதுகூடத் தானாகத்தான் வெளியே வந்தான். கூடப் போனவர்கள் அதற்குள் சாப்பிட்டு முடித்து வண்டியைக் கிளப்பியிருந்தார்கள். அப்பேர்ப்பட்டவனை ஒரே நாளில் ஆறு பேர் தேடுகிறார்கள் என்றால் அதில் என்னமோ இருக்கிறது.

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற ஆள் இல்லை அவன். பாப்ளர் பிளஃப் ஊரில் ஒரு பெரிய ஹார்டுவேர் கடையில் பதினாலு வருஷம் வேலை பார்த்தவன். விற்கிற இடத்தில் அல்ல, வாங்கின சாமானைத் திருப்பிக் கொடுக்க வருகிறவர்கள் நிற்கிற கவுன்ட்டரில். அந்தக் கவுன்ட்டரில் ஒரு வருஷம் நின்றவனுக்குப் பெற்ற தாய் சொல்வதில்கூடச் சந்தேகம் வந்துவிடும். "பெட்டியையே பிரிக்கலீங்க" என்று சொல்லிக் கொண்டுவந்த புல்வெட்டும் இயந்திரத்துக்குள் அவன் பாதி முயலை எடுத்திருக்கிறான். அங்கே அவன் கற்றது ஒரே பாடம். கதையைக் கேட்காதே, பெட்டியைத் திற.

கடையை மூடினார்கள். லாரிப் பள்ளியில் சேர்ந்தான். இந்தத் தொழிலில் ஒரு கஷ்டம் உண்டு. கிளம்பினால் வாரக்கணக்கில் வீடு திரும்ப முடியாது. ஆர்லிஸுக்கோ ஒன்று விட்டு ஒரு சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஊரில் இருந்தே ஆகவேண்டும். விவாகரத்து கொடுத்த நீதிபதி அம்மாள், மகள் ரூத்தியை அவன் பார்க்க அந்த நாளைத்தான் ஒதுக்கியிருந்தார். "தொடர்ந்து ரெண்டு தடவை வரலைன்னா மறுபடி என் முன்னாடி வந்து நிப்பீங்க மிஸ்டர் டக்கெட். அப்புறம் நான் எழுதறது உங்களுக்குப் பிடிக்காது" என்று கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துச் சொன்னார். ரூத்திக்கு ஒன்பது வயது. முன்பல் இரண்டும் பெரிதாக முளைத்து, பேசும்போது விசில் அடிக்கும். உலகத்தில் அவன் சந்தேகப்படாத ஒரே ஆள் அவள்தான்.

ஆகவே ஒரு நோட்டில் முப்பத்திரண்டு கேள்விகள் எழுதி வைத்துக்கொண்டு ஆறு கம்பெனிகளையும் வரிசையாக விசாரித்தான். ஐந்து கம்பெனிகள் எல்லாமே சொர்க்கம் என்றன. ஆறாவதாக ஆட்டர்ஷா குடும்பச் சரக்கு நிறுவனம். ஆள் சேர்க்கிற டாஃப்னி என்ற பெண் பேசினாள்.

"கண்ணு, நாங்க கம்பெனியே இல்ல, குடும்பம். ஒன்னு விட்டு ஒரு சனிக்கிழமை வீடு. எழுதியே தர்றோம்."

"எல்லாரும் இதத்தாம்மா சொல்றாங்க. உங்ககிட்ட குறைன்னு ஒன்னுகூடவா இல்ல?"

டாஃப்னி அறைக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "சொல்லலாமா வேண்டாமான்னு தெரியல ஆர்லிஸ். மனசு கேக்க மாட்டேங்குது. எங்க தலைமை நிலையத்துல... பாத்ரூம் கெட்டுக் கிடக்கு. மூணு மாசமாச்சு. எனக்கே அவமானமா இருக்கு."

ஆர்லிஸ் உருகிப்போனான். பதினாலு வருஷக் கவுன்ட்டரில் "நான்தாங்க கீழ போட்டு உடைச்சேன்" என்று தானாக ஒப்புக்கொண்டவர்கள் மொத்தம் மூன்று பேர். மூவரும் உத்தமர்கள். குறையை வாய்விட்டுச் சொல்கிற இடத்தில் மற்றதும் நேராகத்தான் இருக்கும். மீதி ஐந்து கம்பெனிகளையும் நோட்டில் அடித்துவிட்டு ஆட்டர்ஷாவுக்குத் தலையாட்டினான். யானைக்கும் அடி சறுக்கும் என்பது சும்மாவா?

ஞாயிற்றுக்கிழமை கிளம்பும் பஸ் என்று சொன்ன டிக்கெட், கைக்கு வந்தபோது சனிக்கிழமை காலைக்கு இருந்தது. அது ரூத்தியின் சனிக்கிழமை. "முதல் தடவைதானே கண்ணு, கணினி பண்ணின கோளாறு" என்றாள் டாஃப்னி. மகளுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பஸ் ஏறினான். ஒன்று போயிற்று. இன்னொன்று போகக் கூடாது.

கான்சாஸுக்குப் பத்தொன்பது மணி நேரம். பாத்ரூம் இல்லாத இடத்துக்குப் போகிறோமே என்று வழியில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை நிலையத்தில் இறங்கிய புதிய டிரைவர்கள் இருபத்திரண்டு பேரும் உதடு வறண்டு நின்றார்கள். ஆர்லிஸ் காவலாளியிடம் பக்கத்தில் எங்கே போகலாம் என்று கூச்சத்தோடு கேட்டான். காவலாளி எதிரே காட்டினார். பளிங்குத் தரை. வெள்ளை வெளேரென்று பன்னிரண்டு கோப்பைகள். குழாயைத் தொடுமுன்னே தண்ணீர் கொட்டியது. கல்யாண மண்டபத்துக்குக்கூட அப்படி ஒரு கழிப்பறை அமையாது.

"உங்ககிட்டயும் கெட்டுப்போச்சுன்னுதான் சொன்னாங்களா டிரைவர்?" என்று வெளியே நின்ற ஓபல் ரைன்ஹார்ட் கேட்டாள். நெப்ராஸ்காவில் முப்பது வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். கண்ணாடியில் பின் சீட்டைப் பார்த்தே பழகிய கண்.

"மூணு மாசமான்னாங்க."

"எனக்கு நாலு மாசம். நான் இன்னும் கொஞ்சம் சந்தேகமாப் பேசியிருப்பேன் போல."

இருபத்திரண்டு பேரிடமும் அதே பாத்ரூம்தான் கெட்டிருந்தது. அரங்கில் உட்கார்ந்ததும் ஆர்லிஸ் முதல் ஆளாகக் கையைத் தூக்கி அதைக் கேட்டேவிட்டான். மேடையில் நின்ற பயிற்சித் தலைவர் கோபித்துக்கொள்ளவில்லை. மகிழ்ந்தார். அந்தக் கம்பெனியில் பதவிப் பெயர்களே கிடையாது. அவர் கோர்டன் சித்தப்பா. வேலை ஒதுக்குகிறவள் டெஸ் அக்கா. லாரிக்குள் டிரைவரின் முகத்தையே இரவும் பகலும் பார்த்துக்கொண்டிருக்கும் கேமராவுக்கு அத்தையின் கண் என்று பெயர்.

"அருமையான கேள்வி!" என்றார் கோர்டன் சித்தப்பா. "நேர்மைதான் இந்தக் குடும்பத்தோட அஸ்திவாரம். ஆள் சேர்க்கறவங்க கையேட்டுல நாலாம் பக்கம் முழுக்க நேர்மைதான். சந்தேகப் பேர்வழி ஒருத்தர் கிடைச்சா ஒரு சின்னக் குறையைச் சொல்லணும். முன்னெல்லாம் காபி நல்லா இருக்காதுன்னு சொல்லிக்கிட்டு இருந்தோம். எடுபடல. பாத்ரூம்னு மாத்தினதுக்கப்புறம் நூத்துக்கு எண்பது பேர் நம்பறாங்க. பொய் சொல்லி ஆள் பிடிக்கிற கம்பெனி இல்லப்பா இது!"

எல்லாரும் கைதட்டினார்கள். எப்போது கைதட்டவேண்டும் என்பதைத் திரை ஒளிர்ந்து காட்டியது.

பிறகு அணைப்பு நேரம். இடப்பக்கம் இருப்பவரை ஒரு நிமிஷம், வலப்பக்கம் இருப்பவரை ஒரு நிமிஷம். ஓபல், "என் புருஷனையே இவ்வளவு நேரம் கட்டிப் பிடிச்சதில்ல" என்று அவன் காதுக்குள் முனகினாள். அடுத்து, முதலாளி பெரியவர் ஆட்டர்ஷா திரையில் வந்து பேசினார். பின்னால் நீலக்கடல். அவர் நின்ற படகு மெதுவாக ஆடியது. "என் பிள்ளைகளே, வீட்டை விட்டுப் பிரிஞ்சிருக்கிற வேதனை எனக்குத் தெரியாதுன்னு நினைக்காதீங்க. வருஷத்துல பத்து மாசம் நானும் வீட்டுல இருக்கறதில்ல" என்றபோது அவர் குரல் கம்மியது. யாரோ பக்கத்திலிருந்து அவருக்கு ஒரு கிளாஸை நீட்டினார்கள்.

சுவர் முழுக்க ஒரு மரம் வரைந்திருந்தது. குடும்ப மரம். ஒவ்வொருவருக்கும் ஒரு பிளாஸ்டிக் இலை. பெயர் எழுதிக் கிளையில் ஒட்டவேண்டும். ஆர்லிஸ் தன் இலையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான். பழக்க தோஷம். அழித்த மை தெரிந்தது. டுவெய்ன். அதற்கும் அடியில் ரோஸ்கோ. அதற்கும் அடியில் ஏதோ ஒரு லூத்தர்.

"சித்தப்பா, நம்மகிட்ட எத்தனை லாரி?"

"ஆயிரத்து நூறு, கண்ணு."

"வாரத்துக்கு எத்தனை பேரைச் சேர்க்கறோம்?"

"அறுபது! குடும்பம் பெருகுது பாரு!"

"அப்ப வருஷத்துக்கு மூவாயிரம் பேர் வர்றாங்க. ஆயிரத்து நூறு லாரியில அத்தனை பேரும் எங்க உட்கார்றாங்க?"

சித்தப்பாவின் புன்னகை அசையவில்லை. "இதயத்துல" என்று மார்பைத் தொட்டுக் காட்டினார். "ஒன்னு சொல்றேன் கேட்டுக்க. பத்தொன்பது வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன். இன்னைக்கு வரைக்கும் ஒரே ஒரு டிரைவர்கூட ராஜினாமாக் கடிதம் கொடுத்ததில்ல. ஒருத்தர்கூட இல்ல! வேற எந்தக் கம்பெனியாவது இப்படிச் சொல்லுமா?"

ஆர்லிஸ் நோட்டில் அதைக் குறித்துக்கொண்டான். அடியில் இரண்டு கோடு போட்டான்.

மூன்று நாள் பயிற்சி என்றார்கள். மூன்றாம் நாள் முடிந்தது. கொடுக்க லாரி இல்லை. குடும்பப் பிணைப்பு வாரம் என்று பெயர் வைத்து அவர்களை மோட்டலிலேயே வைத்திருந்தார்கள். காலையில் அணைப்பு, மதியம் சீஸ் சாண்ட்விச், மாலையில் மறுபடி அணைப்பு. சனிக்கிழமை வந்து போயிற்று. அது அவனுடைய சனிக்கிழமை இல்லை. அடுத்ததுதான் அவனுடையது. செவ்வாய் வந்தது, புதன் வந்தது. வியாழக்கிழமை காலையில் ஆர்லிஸ் நீதிபதியின் உத்தரவை எடுத்துக்கொண்டு சித்தப்பாவின் அறைக்குப் போனான்.

"சித்தப்பா, நாளன்னைக்கு நான் ஊர்ல இருக்கணும். ஒன்னு விட்டு ஒரு சனிக்கிழமை வீடுன்னு எழுதிக் கொடுத்திருக்கீங்க."

"கண்டிப்பா. சொன்ன சொல் மாற மாட்டோம்." சித்தப்பா கணினியைத் தட்டினார். "ஆனா நீதான் ஏற்கெனவே வீட்டுல இருந்திருக்கியே. இங்க பாரு, பதினோரு நாள்."

"நான் பதினோரு நாளும் இங்கல்ல இருந்தேன்?"

"குடும்பம் எங்க இருக்கோ அதானேப்பா வீடு? உன் குடும்பம் யாரு? நாங்க. நாங்க எங்க இருக்கோம்? இங்க. அப்ப நீ வந்து இறங்கின நிமிஷத்துலருந்து வீட்டு விடுப்புல இருக்க. சொல்லப்போனா உனக்குச் சேரவேண்டியதைவிட ஏழு நாள் ஜாஸ்தியா எடுத்திருக்க. குடும்பம்னு நினைச்சுத்தான் நாங்க அதைக் கேக்காம இருக்கோம்."

"நீதிபதி கேப்பாங்களே சித்தப்பா!"

"கவலைப்படாத. நீ வீட்டுலதான் இருந்தேன்னு அவங்களுக்கு நாங்களே கடிதம் போட்டுடறோம்."

அந்த ஆளின் கழுத்தைப் பிடிக்கலாமா என்று ஆர்லிஸுக்கு ஒரு கணம் தோன்றியது. பிடித்தால் அதையும் அணைப்பு என்று எழுதிக்கொள்வார்கள். பார்வையை விலக்கிச் சுவரைப் பார்த்தான். அங்கே நாட்டின் வரைபடம் ஒன்று தொங்கியது. அதில் நூற்றுக்கணக்கில் சிவப்பு ஊசிகள்.

"அது என்ன சித்தப்பா?"

"ஓய்வெடுக்கிற லாரிங்க. அங்கங்க நின்னு களைப்பாறுது. உங்கள மாதிரி புதுசா வர்றவங்கள பஸ்ல அனுப்பி எடுத்துட்டு வரச் சொல்றதுதான் வழக்கம். நாளைக்கு ஒதுக்கிடுவோம்."

பதினாலு வருஷக் கவுன்ட்டர்க் கண் வரைபடத்தை மேய்ந்தது. லாரி நிற்பதென்றால் எங்கே நிற்கும்? துறைமுகத்தில், பெரிய கிடங்குகளில், நகரத்து வாசலில். இந்த ஊசிகள் அங்கே எதுவும் இல்லை. மொன்டானாவில் பெயரே தெரியாத ஒரு மூலை. அலபாமாவில் ஒரு ஆற்றங்கரை. சரக்கு ஏற்றவும் இறக்கவும் ஒன்றுமில்லாத பட்டிக்காடுகள். ஆயிரம் மைல் ஓட்டி இந்த ஊருக்கெல்லாம் எவன் போவான்? அங்கே பிறந்தவன்தான் போவான்.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. இவை களைத்துப்போன லாரிகள் இல்லை. ஒவ்வோர் ஊசியும் வீடு போய்ச் சேர்ந்த ஒரு மனிதன். கேட்டுப் பார்த்து, கெஞ்சிப் பார்த்து, ஒருநாள் தன் ஊர்ப் பக்கம் வண்டியைத் திருப்பி, நிறுத்தி, இறங்கி நடந்துவிட்டான். ராஜினாமாக் கடிதம் எழுத யாருக்கு நேரம்? டுவெய்ன் ஓர் ஊசி. ரோஸ்கோ ஓர் ஊசி. லூத்தரும் எங்கேயோ ஓர் ஊசி. ஆர்லிஸுக்குக் கண் கலங்கிவிட்டது.

கலங்கிய கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் ஊர் இருக்கும் மிசௌரியின் தென்கிழக்கு மூலையைத் தேடினான். இருந்தது. பாப்ளர் பிளஃபிலேயே ஒரு சிவப்பு ஊசி.

"சித்தப்பா," என்றான் மெதுவாக, "இவ்வளவு நாள் வீட்டுல சும்மா உட்கார்ந்துட்டேனேன்னு எனக்கே கூச்சமா இருக்கு. நாளைக்கு வரை ஏன் காத்திருக்கணும்? இதோ இந்த லாரியை நான் போய் எழுப்பிட்டு வர்றேனே."

சித்தப்பா எழுந்து வந்து அவனை ஒன்றரை நிமிஷம் அணைத்துக்கொண்டார்.

ஆர்லிஸ் வெளியே வந்து ஓபலிடம் விஷயத்தைச் சொன்னான். அவள் கேட்டுவிட்டு, "நெப்ராஸ்காவுல ஊசி இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டாள். ஒரு மணி நேரத்தில் சித்தப்பாவின் அறை வாசலில் வரிசை நின்றது. இருபத்திரண்டு பேருக்கும் தூங்கும் லாரிகளை எழுப்பியே ஆகவேண்டும் என்ற வெறி. ஆளுக்கு ஓர் ஊசியைக் காட்டினார்கள். பதினெட்டுப் பேருக்குச் சொந்த ஊரிலோ பக்கத்து ஊரிலோ அமைந்துவிட்டது. மீதி நாலு பேருக்கு மாமியார் ஊர். இப்படித் துடிப்பான அணியைப் பத்தொன்பது வருஷத்தில் பார்த்ததில்லை என்று சித்தப்பா கைக்குட்டையை எடுத்துக்கொண்டார். பஸ் டிக்கெட்டெல்லாம் கம்பெனி செலவு.

வெள்ளிக்கிழமை கிடைத்த பஸ்ஸில் ஏறி, சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஆர்லிஸ் ஊரில் இறங்கினான். நெடுஞ்சாலை ஓரத்து லாரி நிறுத்தத்தில், தூசி படிந்து, டயர் அடியில் புல் முளைத்து, ஆட்டர்ஷா குடும்ப லாரி களைப்பாறிக்கொண்டிருந்தது. பெட்டியைத் திறக்காமல் விடுவானா? கதவைத் திறந்தான். சாவி மிதியடிக்குக் கீழே இருந்தது. அத்தையின் கண்மேல் ஒரு சாக்ஸ் மாட்டியிருந்தது. நாட்காட்டியில் ஏழு வாரத்துக்கு "வீடு" என்று எழுதி எழுதி அடித்திருந்தது. எட்டாவது வாரத்தில் அடிக்கவில்லை.

நிறுத்தத்து உணவகத்தில் பரிமாறுகிற பெண்ணிடம் இதை ஓட்டி வந்தவர் யார் தெரியுமா என்று கேட்டான். அவள் காபிக் கெண்டியாலேயே மூலை மேசையைக் காட்டினாள். அந்த ஊர்க் காலை உணவான மெத்து பிஸ்கட்டும் குழம்புமாக வெளுத்துக்கட்டிக்கொண்டிருந்த தடித்த மனிதர் நிமிர்ந்தார்.

"ஆட்டர்ஷாவா?"

"ஆமா."

"பாத்ரூம் கெட்டுப்போச்சுன்னு சொன்னாங்களா?"

"மூணு மாசமா."

"எனக்கு அப்பல்லாம் காபி. உட்காருங்க டிரைவர்." அவர் பெயர் கார்லண்ட். நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டார். "அந்த லாரிய எடுத்துட்டுப் போகத்தான் வந்தீங்களா?"

"அப்படித்தான் அவங்க நினைச்சுக்கிட்டு இருக்காங்க."

கார்லண்ட் மேசை அதிரச் சிரித்தார். ஊருக்குத் தெற்கே மாவிஸ் ஸ்டோவல் என்ற அம்மாளிடம் ஆறே ஆறு லாரி இருக்கிறது, நெல் ஏற்றி ஆலைக்கு அடிக்கிறாள், தானும் அங்கேதான் ஓட்டுவதாகச் சொன்னார். "சாயங்காலமானா வீடு. ஒரு ஆள் வேணும்னுச்சு. பேசித்தான் பாருங்களேன்."

சாயங்காலமானா வீடாம். ஆர்லிஸின் காது விறைத்தது. இதையும் எத்தனை பேர் சொல்லிக் கேட்டாகிவிட்டது? வெந்நீரில் விழுந்த பூனை பச்சைத் தண்ணீரைப் பார்த்தாலும் பயப்படும்.

ஒன்பது அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது மகளை வழக்கமாகச் சந்திக்கும் டோனட் கடை வாசலில் போய் நின்றான். ரூத்தி அம்மாவின் காரிலிருந்து குதித்து ஓடிவந்தாள். "அப்பா! நீ வர மாட்டேன்னு அம்மா சொன்னா. நீ கண்டிப்பா வருவேன்னு நான் பந்தயம் கட்டினேன்!" என்றாள். விசில் முன்னைவிடக் கூடியிருந்தது. அவளைத் தூக்கியபோதுதான், இந்தப் பதினோரு நாளில் இதற்குப் பெயர்தான் அணைப்பு என்பது அவனுக்கு மறந்தே போயிருந்தது தெரிந்தது.

இரண்டாவது டோனட்டின் நடுவில் போன் அடித்தது. கோர்டன் சித்தப்பா.

"கண்ணு, லாரி முழிச்சிடுச்சா?"

"இல்ல சித்தப்பா. நான் வேலைய விடறேன். ராஜினாமா. வேணும்னா எழுதியே அனுப்பறேன்."

மறுமுனையில் கணினியைத் தட்டித் தட்டித் தேடும் சத்தம் வந்தது. பத்தொன்பது வருஷச் சாதனை ஆட்டம் கண்ட சத்தம்.

"அப்படி ஒரு பொத்தானே எங்க கணினியில இல்லையேப்பா" என்றார் கடைசியில், பரிதாபமாக. "உன்னை ஓய்வுல இருக்கறதாப் போட்டுக்கறேன். பாப்ளர் பிளஃப்ல ஏற்கெனவே ஊசி இருக்கு, புதுசா குத்தக்கூட வேண்டாம். ஆமா, நெப்ராஸ்கா போன ஓபல் அத்தைகிட்ட பேசினியா? இருபத்தோரு பேர்ல ஒருத்தருமே போன் எடுக்க மாட்டேங்கறாங்க. எல்லாரும் பத்திரமா வீடு போய்ச் சேர்ந்திருப்பாங்கல்ல?"

"சேர்ந்திருப்பாங்க சித்தப்பா" என்றான் ஆர்லிஸ். அந்த ஆள் மேல் முதல்முறையாக அவனுக்கு இரக்கம் வந்தது.

மத்தியானம், மகளையும் அழைத்துக்கொண்டு மாவிஸ் ஸ்டோவலின் தகரக் கொட்டகைக்குப் போனான். நோட்டும் முப்பத்திரண்டு கேள்விகளும் கையில் இருந்தன. மாவிஸுக்கு அறுபது வயசு இருக்கும். மடியில் உமி ஒட்டியிருந்தது. சிரிக்கவும் இல்லை, அணைக்கவும் இல்லை.

"புது லைசென்ஸா? இன்சூரன்ஸ்காரன் கத்துவான். ஒரு மாசம் கார்லண்ட் பக்கத்துல உட்கார்ந்து போ, அப்புறம் தனியா ஓட்டு. ஆறு மணிக்கு வீட்டுக்குப் போகலாம். அறுப்புக் காலத்துல எட்டாகும். வண்டியெல்லாம் பழசு. என்ன யோசிக்கிற?"

"ஒன்னுமில்லம்மா" என்றான். ஆனால் யோசித்துக்கொண்டுதான் இருந்தான். வண்டி பழசாம். இது எந்தக் கையேட்டில் எத்தனையாம் பக்கமோ?

ரூத்தி அவன் சட்டையை இழுத்தாள். "அப்பா, எனக்குப் பாத்ரூம் போகணும்."

"ஐயோ கண்ணு," என்றாள் மாவிஸ், "இங்க பாத்ரூம் கெட்டுக் கிடக்கே. மூணு மாசமாச்சு. எதிர்த்த பெட்ரோல் பங்குக்குக் கூட்டிட்டுப் போப்பா."

ஆர்லிஸ் சிலையாகிப்போனான். மாவிஸை ஏற இறங்கப் பார்த்தான். அவள் பார்வையில் ஒன்றும் பிடிபடவில்லை. நோட்டை மகளிடம் கொடுத்தான். கொட்டகையின் பின்பக்கம் போனான். கதவைத் திறந்து உள்ளே நுழைந்து தாழ்ப்பாள் போட்டான். தண்ணீர் விடும் கைப்பிடியை அழுத்தினான். கடகடவென்று வெற்றுச் சத்தம் வந்தது. இன்னொரு முறை அழுத்தினான். கைப்பிடி கையோடு வந்துவிட்டது. அப்படியும் மனசு ஆறாமல் தொட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தான். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. துருவும், வலை பின்னிக் குடும்பமாக வாழும் ஒரு சிலந்தியும்தான் இருந்தன.

கைப்பிடியைக் கையில் ஏந்தியபடி முகமெல்லாம் பல்லாக வெளியே வந்தான்.

"எப்பம்மா வேலைக்கு வரணும்?" என்றான்.